புதிய மடிக்கணினியில் டைப்-சி போர்ட் மட்டும்தான்: எடை மேடையும் பழைய ப்ரொஜெக்டரும் உள்ள அலுவலகம் என்ன செய்யலாம்?

மாங்கூழ்க் கணக்கர் (கிருஷ்ணகிரி) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் இடையில் உள்ள ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். அலுவலக மடிக்கணினிகள் எல்லாம் பழையவை. பெங்களூரா மாம்பழ வரத்து தொடங்குவதற்குள் அவற்றை மாற்றிவிட வேண்டும் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். அவர் பார்த்து வைத்திருக்கும் மாடல் மெலிதாகவும் எடை குறைவாகவும் இருக்கிறது. ஆனால் இரண்டு டைப்-சி போர்ட்டுகளும் ஹெட்ஃபோன் துளை ஒன்றும் தவிர அதில் வேறு எதுவும் இல்லை.

எங்களிடம் இருப்பவையோ எல்லாம் பழைய இணைப்புகள். லாரிகளை எடை போடும் மேடையின் எடைக் காட்டியிலிருந்து 9 முள் சீரியல் கேபிள் வருகிறது. அது செருகப்பட்டிருக்கும் மேசைக் கணினியும் இந்தப் பருவத்தைத் தாண்டுமா என்பது சந்தேகம் என்பதால், அந்த இடத்திலும் ஒரு மடிக்கணினியை வைக்க எண்ணுகிறோம். மூன்று படி எடைச் சீட்டு அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இருக்கிறது. டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பழைய தட்டை யூஎஸ்பி வகையைச் சேர்ந்தது. கூட்ட அறை ப்ரொஜெக்டரில் விஜிஏ என்ற பழைய படப் போர்ட் மட்டுமே உண்டு. தகரக் கூரைக்குள் வைஃபை சரியாக எட்டாததால் இணையம் லேன் கேபிளில்தான் வருகிறது.

டைப்-சிக்கு முழுவதுமாக மாறுவது எங்களைப் போன்ற இடத்துக்கு லாபமா, அல்லது மேசைதோறும் கன்வெர்ட்டர்களைக் குவிப்பதில்தான் போய் முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் முதலாளியிடம் எடுத்துச் சொல்ல வசதியாக இருக்கும்.

---

ஈயப்பற்று (தருமபுரி):

வணக்கம் ஐயா. மடிக்கணினிப் பழுது பார்ப்பதே என் தொழில் என்பதால், விற்பனைக் கடையில் பொதுவாகச் சொல்லாத பக்கத்தை மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் பழைய கணினிகளில் உள்ள உருண்டை முள் சார்ஜிங் ஜாக், பல மாடல்களில் மதர்போர்டோடு நேரடியாகப் பற்றவைக்கப்பட்டிருக்காது. ஒரு குட்டி ஒயரின் ஒரு முனையில் ஜாக்கும், மறுமுனையில் போர்டில் செருகும் சாக்கெட்டும் இருக்கும். சார்ஜர் ஒயரில் யாராவது கால் தடுக்கி ஜாக் உடைந்துபோனால், பின்மூடியைக் கழற்றி அந்த ஒயரை மட்டும் மாற்றி அன்றைக்கே கொடுத்துவிடலாம். செலவும் சில நூறு ரூபாயோடு நின்றுவிடும். டைப்-சி போர்ட்டோ பெரும்பாலான மெலிந்த மாடல்களில் மதர்போர்டின் விளிம்பிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அதில் 24 முட்கள் உண்டு. அவற்றில் ஒரு வரிசை உலோகக் கூட்டின் அடியில் மறைந்திருப்பதால், சூடான காற்றை ஊதித்தான் அதைக் கழற்ற முடியும். அப்போது போர்டின் செப்புத் தடம் சேர்ந்து உரிந்து வந்துவிட்டால், மைக்ரோஸ்கோப்பின் கீழே எனாமல் கம்பியால் ஒவ்வொரு தடமாக ஒட்டவைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் நம் பகுதியில் மிகக் குறைவு. சேவை மையங்களுக்குக் கொண்டுபோனால் அவர்கள் தடத்தை ஒட்டுவதில்லை. போர்டையே மாற்றச் சொல்வார்கள், அதற்கு ஆகும் தொகையில் பாதிக் கணினி வாங்கிவிடலாம். போர்ட்டைத் தனிச் சிறு போர்டில் வைக்கும் மாடல்களும் இல்லாமல் இல்லை. அந்த மாடலின் பழுதுபார்ப்புக் கையேட்டுப் படங்களை வாங்குவதற்கு முன் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

உங்கள் ஆலைக்குக் குறிப்பாகச் சொல்ல வேண்டிய இன்னொன்று, முட்கள் அடுக்கப்பட்டிருக்கும் வரிசை. 20 வோல்ட் வரை ஏறக்கூடிய மின் முள்ளுக்கு அடுத்த முள்தான், எத்தனை வோல்ட் வேண்டும் என்று சார்ஜரும் கணினியும் பேசிக்கொள்ளும் சிசி முள். இரண்டுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர்தான் தூரம். ஈரமோ உலோகத் துகளோ அந்த இடைவெளியை நிரப்பிவிட்டால், குறைந்த வோல்ட்டுக்கென்று செய்யப்பட்ட கட்டுப்பாட்டுச் சில்லில் 20 வோல்ட் பாய்ந்து அது கருகிவிடும். நடுவில் பாதுகாப்புச் சில்லு வைத்த போர்டு தப்பித்துக்கொள்ளும். விலையைக் குறைப்பதற்காக அதை விட்டுவிட்ட போர்டு தப்பாது. மாங்கூழ் பிசுபிசுப்போடு கையை வைத்துக்கொண்டு கேபிளைப் பிடுங்கிச் செருகும் இடத்தில் இதைச் சிறிய விஷயமாக எண்ண வேண்டாம்.

ஆகவே என் யோசனை இதுதான்: டைப்-சி இருக்கட்டும், ஆனால் சார்ஜ், காட்சி, தரவு எல்லாவற்றையும் ஒரே போர்ட்டின் தலையில் சுமத்தும் மாடலை வாங்காதீர்கள். ஒரு போர்ட் போனாலும் மற்றொன்றில் சார்ஜ் ஏற வேண்டும். அவை இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இருந்தால் இன்னும் நல்லது. இணையத்தில் விற்கும், காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சார்ஜிங் முனைகளை வாங்கிப் பொருத்தவும் வேண்டாம். முட்கள் வெளியே தெரியும்படி இருக்கும் அவற்றில்தான் மேலே சொன்ன குறுக்குத் தொடர்பு எளிதில் நிகழ்கிறது. டைப்-சி தரவிதிகளும் அவற்றை ஏற்பதில்லை.

---

தென்பெண்ணை (பர்கூர்):

ஈயப்பற்று அவர்கள் பழுதுபார்ப்பைப் பற்றி எழுதியதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அவருடைய மேசைக்கு வருபவை எல்லாம் உடைந்த போர்ட்டுகளே என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பொறியியல் மாணவர்களுக்கு மின்னணுவியல் கற்பிப்பவள் என்ற முறையில் மறுபக்கத்தை எழுதுகிறேன்.

2014 ஆகஸ்டில் டைப்-சி விதிமுறைகள் வெளியானபோதே, தேய்மானம் எங்கே விழ வேண்டும் என்று யோசித்துத்தான் அதை வடிவமைத்தார்கள். பழைய தட்டை யூஎஸ்பியில் வளைந்து கொடுக்கும் வில் முட்கள் கணினியின் பக்கத்தில் இருந்தன. டைப்-சியில் அவை கேபிளின் பக்கத்துக்குப் போய்விட்டன. ஆதலால் முதலில் தளர்வது பெரும்பாலும் எளிதில் மாற்றக்கூடிய கேபிள்தான். தட்டை வகைக்கு 1,500 முறை செருகி எடுக்கும் ஆயுள் என்றால் டைப்-சிக்கு 10,000 முறை. நேராகச் செருகி நேராக எடுக்கும் சோதனைக் கணக்கு இது. பக்கவாட்டில் இழுபட்டால் இந்த எண் செல்லாது என்று ஈயப்பற்று சொல்லக்கூடும், அதுவும் சரியே.

சார்ஜரின் கதையையும் பாருங்கள். உருண்டை முள் என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும், நிறுவனத்துக்கு நிறுவனம் விட்டம் வேறு. 19 வோல்ட், 19.5 வோல்ட் என்று மின்னழுத்தமும் வேறு; சிலவற்றில் நடுவே இருக்கும் அடையாள முள் தன் சார்ஜரை மட்டுமே ஏற்கும். டைப்-சியிலோ 5, 9, 15, 20 வோல்ட் என்ற படிகளில் கணினி கேட்டதைச் சார்ஜர் கொடுக்கிறது. முதலில் 100 வாட் வரை இருந்த அளவு, 2021 விதிமுறையில் 240 வாட் வரை உயர்ந்துவிட்டது. ஒரு மேசையின் சார்ஜர் கெட்டுப்போனால், வாட் அளவு போதுமானதாக இருக்கும்வரை அடுத்த மேசையின் சார்ஜரை எடுத்துச் செருகி வேலையைத் தொடரலாம்; லாரியோடு போகிறவர்கள் வண்டியிலேயே ஏற்றிக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சார்ஜர் சட்டம் 2024 டிசம்பர் 28 முதல் கைபேசிகளுக்கும், 2026 ஏப்ரல் 28 முதல் மடிக்கணினிகளுக்கும் என்று நாள் குறித்துவிட்டது. நம் நாட்டின் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸும் 2023 ஜனவரியில் டைப்-சிக்கான இந்தியத் தர நிர்ணயத்தை வெளியிட்டுவிட்டது. சார்ஜிங்கைப் பொறுத்தவரை இனி உருண்டை முள்ளைத் தேடி வாங்குவதில் பொருள் இல்லை.

விஜிஏ போனதற்கு டைப்-சியின் மேல் பழி போடுவதும் நியாயமில்லை. ஐபிஎம் நிறுவனம் 1987-இல் கொண்டுவந்த அந்த அனலாக் முறையைக் கைவிடப்போவதாக இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ, சாம்சங், எல்ஜி ஆகியவை 2010 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டன. அன்றைக்கு டைப்-சி பிறக்கவே இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, டைப்-சியின் பெருங்குறை என்று நான் கருதுவதையும் சொல்லிவிடுகிறேன். பழைய போர்ட்டுகளில் வடிவத்தைப் பார்த்தாலே வேலை தெரிந்துவிடும். விஜிஏ என்றால் படம், ஆர்ஜே-45 என்றால் லேன். இப்போதோ தெருவிலுள்ள எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிக் கதவு வைத்ததுபோல ஆகிவிட்டது. ஒரே வடிவத்துக்குள் 480 மெகாபிட் வேகமும் இருக்கலாம், 40 கிகாபிட் வேகமும் இருக்கலாம். சில போர்ட்டுகளில் சார்ஜ் ஏறாது, சிலவற்றில் திரைக்குப் படம் போகாது. திரைக்குப் படம் அனுப்பும் டிஸ்ப்ளேபோர்ட் வசதி இல்லாத டைப்-சி போர்ட்டில் சாதாரண எச்டிஎம்ஐ கன்வெர்ட்டரைச் செருகினால் எதுவுமே நடக்காது. கன்வெர்ட்டர்தான் கெட்டுப்போயிற்று என்று எண்ணி இன்னொன்றை வாங்குபவர்கள் நிறையப் பேர். ஆகவே முதலாளி பார்த்து வைத்திருக்கும் மாடலின் விவரப் பட்டியலில், ஒவ்வொரு டைப்-சி போர்ட்டுக்கும் பவர் டெலிவரி (சார்ஜரோடு பேசி வேண்டிய வோல்ட்டைப் பெறும் வசதி), டிஸ்ப்ளேபோர்ட் ஆகிய இரண்டும் உண்டென்று தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற பிடிவாதத்தைத் தயாரிப்பாளர்களே தளர்த்திக்கொண்டதற்கும் சான்று இருக்கிறது. 2016-இல் டைப்-சி வடிவம் மட்டுமே கொண்ட மேக்புக் ப்ரோவை வெளியிட்ட ஆப்பிள், 2021-இல் எச்டிஎம்ஐ, எஸ்டி கார்டு, காந்தச் சார்ஜிங் மூன்றையும் அதே வரிசைக் கணினிகளில் திரும்ப வைத்தது. அலுவலகப் பயன்பாட்டுக்கென்று விற்கப்படும் மாடல்களில் இரண்டு டைப்-சி, இரண்டு தட்டை யூஎஸ்பி, எச்டிஎம்ஐ, லேன் ஆகிய எல்லாம் சேர்ந்து வருபவை இன்றும் கிடைக்கின்றன. சற்றுத் தடிமனாக இருக்கும், அவ்வளவுதான். உங்களுக்கு நான் சொல்வது அவற்றைத்தான்.

---

ஓசூர்க் கடைசல் (ஓசூர்):

மேலே இருவரும் எடை மேடையைத் தொடாமல் விட்டுவிட்டார்கள். உங்கள் பட்டியலில் உண்மையான சிக்கல் அதுதான். ப்ரொஜெக்டரில் படம் வராவிட்டால் கூட்டம் சற்றுத் தாமதமாகும். எடை மேடை நின்றால் சாலை வரை லாரி நிற்கும். ஓசூர்த் தொழிற்பேட்டையில் கணினியால் இயங்கும் பழைய சிஎன்சி கடைசல் இயந்திரங்களுக்கு ஆர்எஸ்-232 என்ற இதே சீரியல் இணைப்பின் வழியாக நிரல் ஏற்றும் வேலையை அன்றாடம் செய்பவன் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எடைக் காட்டி, எடையை எழுத்துச் சரமாகச் சீரியல் கேபிளில் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். நீங்கள் வாங்க வேண்டியது யூஎஸ்பி–சீரியல் கன்வெர்ட்டர். வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே உள்ள சில்லுதான் முக்கியம். எஃப்டிடிஐ, ப்ரோலிஃபிக், சிஎச்340 ஆகியவை பரவலாகக் கிடைப்பவை. முதல் இரண்டுக்கும் போலிகள் ஏராளம். 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ டிரைவர், போலிச் சில்லுகளின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கி அவற்றை முடக்கிவிட்டது. உலகெங்கும் அது பெரிய சர்ச்சையானது. ப்ரோலிஃபிக்கின் புதிய டிரைவர்களும் பழைய, போலியான சில்லுகளை ஏற்காமல் பிழைக்குறி காட்டும். எனவே தெருவோரக் கடையின் மலிவுக் கன்வெர்ட்டரை எடை மேடைக்கு வைக்காதீர்கள். நேற்று வரை ஓடியது இன்று ஒரு அப்டேட்டில் நின்றுபோகலாம்.

அடுத்தது, சீரியல் போர்ட்டுக்கு விண்டோஸ் கொடுக்கும் காம் எண். தனித்த வரிசை எண் பதிக்கப்படாத கன்வெர்ட்டரை இன்று இடப்பக்கப் போர்ட்டிலும் நாளை வலப்பக்கப் போர்ட்டிலும் செருகினால், விண்டோஸ் அதைப் புதிய கருவி என்று எண்ணி வேறொரு காம் எண் கொடுத்துவிடும். எடை மென்பொருளோ காம் 3-ஐப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பழைய மென்பொருள்கள் சிலவற்றில் காம் 4-க்கு மேல் தேர்வு செய்யவே இடம் இருக்காது. டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் எண்ணை நிலையாக மாற்றிவிட்டு, கன்வெர்ட்டரை எப்போதும் ஒரே போர்ட்டில் செருகி வையுங்கள்.

மூன்றாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. இரண்டே போர்ட் உள்ள கணினி என்றால், சார்ஜர், கன்வெர்ட்டர், பிரிண்டர் எல்லாவற்றையும், ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஒரே டைப்-சி ஹப்பில் மாட்டத் தோன்றும். விலை குறைந்த ஹப்புகள் பலவற்றில், சார்ஜருக்கு வரும் மின்சாரம் நின்று திரும்ப வரும்போது பவர் டெலிவரிப் பேச்சு முதலிலிருந்து தொடங்கும். அந்தக் கணத்தில் ஹப்பில் உள்ள எல்லாக் கருவிகளும் ஒருமுறை துண்டிக்கப்பட்டு மீண்டும் இணையும். மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாறும் ஒவ்வொரு முறையும் உங்கள் எடை மென்பொருள் போர்ட்டைத் தொலைத்துவிட்டு, மூடித் திறக்கும் வரை பழைய எடையையே காட்டிக்கொண்டு நிற்கக்கூடும். மடிக்கணினியில் பேட்டரி இருக்கிறது, மின்வெட்டு பாதிக்காது என்று எண்ணுகிறவர்களுக்கு இது புரியவே நேரம் ஆகும். எடை மேடைக் கணினியில் சார்ஜருக்குத் தனிப் போர்ட், கன்வெர்ட்டருக்குத் தனிப் போர்ட் என்று பிரித்து வையுங்கள்.

வாங்கும் கன்வெர்ட்டர் மின்காப்பு உள்ளதாக, அதாவது இரு பக்கத்துக்கும் நேரடி மின்தொடர்பு இல்லாததாக இருக்கட்டும். எடை மேடை வெட்டவெளியில் இருக்கிறது. அதன் எர்த்தும் அலுவலக எர்த்தும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. கோடை மழையில் பக்கத்தில் இடி விழுந்தால் கேபிள் வழியாக வரும் அதிர்ச்சி நேரே மதர்போர்டுக்குப் போகும். அந்தப் பழைய மேசைக் கணினியிலாவது சீரியல் கார்டோடு போயிருக்கும்; மெலிந்த மடிக்கணினியில் கார்டு என்று தனியாக எதுவும் இல்லை. ஆர்எஸ்-232 கேபிளுக்கு வழக்கமாகச் சொல்லும் நீளம் ஏறக்குறைய 15 மீட்டர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் பின்புறம் சதுர யூஎஸ்பி போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு கேபிளோடு வேலை முடிந்தது. அகலமான பழைய பேரலல் போர்ட் மட்டும் என்றால் கன்வெர்ட்டர் கேபிள் கிடைக்கும். ஆனால் அது விண்டோஸுக்கு யூஎஸ்பி பிரிண்டராகத்தான் தெரியும், பேரலல் போர்ட்டின் பெயரான எல்பிடி 1-க்கு நேரடியாக எழுதும் பழைய மென்பொருள் அதைக் கண்டுகொள்ளாது. பிரிண்டரை நெட்வொர்க்கில் பகிர்ந்து, எல்பிடி 1 என்ற பெயரை அந்தப் பகிர்வுக்கு மாற்றிவிடும் கட்டளை ஒன்று உண்டு. உங்கள் மென்பொருளை நிறுவியவரிடம் கேட்டால் அவருக்குத் தெரிந்திருக்கும்.

---

அரூர் சேவையகம் (அரூர்):

சுருக்கமாக ஒன்று. கைரேகைக் கருவி, கையொப்ப டோக்கன் போன்றவற்றைத் தட்டை யூஎஸ்பியிலிருந்து டைப்-சிக்கு மாற்றும் சிறு முனையில் செருகிப் பயன்படுத்துகிறோம். குறையில்லாமல் வேலை செய்கின்றன. அந்தச் சிறு முனை தொலைந்துபோவதுதான் தொல்லை. டோக்கனோடு சேர்த்து அதை நூலால் கட்டிவிடுங்கள்.

லேனுக்குக் கன்வெர்ட்டர் வாங்கினால் இன்னொன்றைக் கவனியுங்கள். ரவுட்டரில் குறிப்பிட்ட கணினிகளுக்கு மட்டும் அனுமதி என்று நெட்வொர்க் கருவி ஒவ்வொன்றுக்கும் உரிய மேக் முகவரியைப் பதிந்து வைத்திருந்தால், பதிவாவது கன்வெர்ட்டரின் முகவரியே. பெரும்பாலான கணினிகளில் அதுவே முகவரியாகத் தெரியும் என்பதால், ஒருவருடைய கன்வெர்ட்டரை இன்னொருவர் எடுத்துப் போனால் அனுமதியும் அதோடு போய்விடும்.

---

மாங்கூழ்க் கணக்கர் (கிருஷ்ணகிரி):

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. அலுவலக மேசைகளுக்குத் தட்டை யூஎஸ்பியும் லேனும் எச்டிஎம்ஐயும் உள்ள சற்றுத் தடித்த மாடலைப் பரிந்துரைக்கப் போகிறேன்; முதலாளிக்கு மட்டும் அவர் விரும்பிய மெலிந்ததே இருக்கட்டும். எடை மேடை அறைக்கு மின்காப்புள்ள கன்வெர்ட்டருக்கு விலை கேட்டிருக்கிறேன்.

இரண்டு ஐயங்கள் மீதி இருக்கின்றன. ப்ரொஜெக்டருக்கு எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் கேபிள் போதுமா? அலுவலகத்தில் எல்லோரும் கைபேசிக்கு டைப்-சி கேபிள்தான் வைத்திருக்கிறார்கள். அவற்றையே மடிக்கணினிக்கும் பயன்படுத்திக்கொள்ளலாமா?

---

தென்பெண்ணை (பர்கூர்):

ப்ரொஜெக்டருக்கு வெறும் கம்பி போதாது. டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் சில்லு உள்ளே இருக்கும் கன்வெர்ட்டராக வாங்குங்கள். இரு முனைகளிலும் பிளக் மட்டும் பொருத்திய மலிவுக் கேபிளில் படம் வராது. விஜிஏ ஒலியைக் கொண்டுபோகாது என்பதால் ஒலிபெருக்கிக்குத் தனி ஒயர் வேண்டும். அந்தக் கன்வெர்ட்டரை ப்ரொஜெக்டரின் கேபிளிலேயே நிரந்தரமாக மாட்டி விட்டுவிடுங்கள். யார் கணினியைக் கொண்டுவந்தாலும் தேட வேண்டியிராது.

கைபேசிக் கேபிள்களைப் பொறுத்தவரை, இரு முனையிலும் டைப்-சி உள்ள தரமான கேபிள் என்றால் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரை கொண்டுபோகும். அதற்கு மேல் 5 ஆம்பியர் வேண்டுமானால் கேபிளுக்குள்ளேயே அடையாளச் சில்லு இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் 100 வாட் சார்ஜரைச் செருகினாலும் கணினிக்கு 60 வாட்டுக்கு மேல் கிடைக்காது. ஆபத்து ஒன்றும் இல்லை, மெதுவாக ஏறும், அவ்வளவே. சான்று பெற்ற கேபிள்களில் 60 அல்லது 240 என்று வாட் அளவு குறிக்கப்பட்டிருக்கும். கைபேசியோடு வரும் கேபிள்களில் பெரும்பாலானவை தரவை 480 மெகாபிட்டில்தான் அனுப்பும். மானிட்டருக்கு அவை உதவாது.

---

ஈயப்பற்று (தருமபுரி):

அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். ஒரு முனையில் தட்டை யூஎஸ்பி உள்ள கைபேசிக் கேபிளில் மடிக்கணினியைச் சார்ஜ் செய்ய முயல வேண்டாம். பவர் டெலிவரிப் பேச்சு அந்த வழியில் நடப்பதில்லை என்பதால் பெரும்பாலான மடிக்கணினிகள் ஏற்காது. எடை மேடை அறைக்கு வாங்கும் சார்ஜர் மட்டும், பிஐஎஸ் பதிவு எண் அச்சிட்டதாகவும், கேபிள் தனியாகக் கழலாமல் சார்ஜரோடு சேர்ந்தே வருவதாகவும் இருக்கட்டும். இரவுப் பணிக்கு வருகிறவர்கள் கைபேசிக்காகக் கேபிளைக் கழற்றிக்கொண்டு போகும் பேச்சே எழாது.